வாங்கிய புத்தகமும் வாங்காத உரிமையும்: கையிலுள்ள நூல்களுக்கு மின்பிரதி பெறுவது பற்றி ஒரு பாடம்



நம்மவர் கடைகளில் முன்புறம் சரக்கு இருக்கும். பின்னறையில், பழைய பேரேடுகளுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஓர் அலமாரி புத்தகங்களும் இருக்கும். வாப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த கிதாபுகள், வாலிபத்தில் நாம் காசு சேர்த்து வாங்கிய நாவல்கள், உள்ளூர் எழுத்தாளர்கள் வெளியீட்டு விழாவில் கையொப்பமிட்டுத் தந்த கவிதை நூல்கள் என்று பலவும் அதில் கலந்து கிடக்கும். இந்நாட்டின் ஈரக்காற்றும், கறையானும், இராமபாணப் பூச்சியும் அந்த அலமாரிக்கு அழையாத வாடிக்கையாளர்கள். கடை இடம் மாறும்போது ஒரு பெட்டி காணாமற்போகிறது. நமக்கோ கண் மங்குகிறது. மகனோ மகளோ வேறு நாட்டில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு அலமாரியை அனுப்ப முடியாது.

ஆகவே, "இந்தப் புத்தகங்களையெல்லாம் கைப்பேசியிலோ கணினியிலோ படிக்கும்படி மின்பிரதியாகப் பெற முடியாதா? விலை கொடுத்து வாங்கியவைதாமே, மறுபடியும் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. அலமாரியிலுள்ள எல்லா நூல்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. சரக்கைத் தரம் பிரிக்காமல் விலை சொல்லும் வியாபாரி உண்டோ? அதுபோல, முதலில் நூல்களைத் தரம் பிரிக்கவேண்டும். அதைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நாம் வாங்கியது எது?

ஒரு நூலுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, தாளும் மையும் அட்டையும் சேர்ந்த பிரதி. மற்றொன்று, அதில் அச்சாகியிருக்கும் எழுத்து. கடையில் பணம் கொடுத்தபோது முதலாவது நமக்குச் சொந்தமாயிற்று. அதை நாம் படிக்கலாம், இரவல் தரலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், வாரிசுக்கு விட்டுச் செல்லலாம். கேட்பார் எவருமில்லை. ஆனால் அந்த எழுத்தை மறுபடி பிரதி எடுக்கும் உரிமை ஆசிரியரிடமோ, அவர் எழுதிக் கொடுத்த பதிப்பாளரிடமோதான் இருக்கிறது. இதையே பதிப்புரிமை என்கிறோம்.

நம் தொழிலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பெயர்பெற்ற ஒரு முத்திரையுள்ள மசாலாத் தூளை நூறு பெட்டி வாங்கிக் கிட்டங்கியில் அடுக்குகிறோம். அந்த நூறு பெட்டியும் நம்முடையவை; இலாபத்துக்கு விற்கலாம், நஷ்டத்துக்கும் விற்கலாம். ஆனால் அதே முத்திரையை அச்சிட்டு நூற்றோராவது பெட்டியை நாமே தயாரிக்க முடியுமா? நூறு பெட்டிக்குக் கிரயம் கொடுத்தது அந்த உரிமைக்கான கிரயம் ஆகாது. புத்தகத்தின் நியாயமும் இதுவே.

"எவரோ இணையத்தில் போட்டிருக்கும் பிரதியை எடுத்தால் என்ன? நான்தான் அச்சுப்பிரதி வைத்திருக்கிறேனே" என்று சிலர் வாதிப்பார்கள். போட்டவருக்கு உரிமை இருந்ததா என்பதே இங்கு முதற்கேள்வி. இணையத்தில் கிடைக்கிறது என்பது மட்டும் அனுமதிச் சீட்டு ஆகாது. களவுச் சரக்கென்று தெரிந்தபின் மலிவாக இருக்கிறதென்று வாங்குவது நம் கல்லாவுக்கு அழகல்ல.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளன. பிரிட்டனில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒருவர் தாம் வாங்கிய பொருளைத் தம் சொந்த உபயோகத்துக்காக மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே 2014 அக்டோபரில் விதி வந்தது. உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகை எதுவும் ஏற்படுத்தாமல் செய்த விதி என்று வழக்குத் தொடரப்பட்டு, 2015 ஜூலையில் உயர்நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. ஓராண்டுகூட அது நிலைக்கவில்லை. "என் புத்தகம், என் பிரதி" என்பது நாம் நினைப்பதுபோல் அவ்வளவு எளிய காரியமல்ல என்பதற்கு இதுவே சான்று.

2. அலமாரிக்கு இருப்புக்கணக்கு

ஆண்டு முடிவில் சரக்குக்கு இருப்புக்கணக்கு எடுப்பதுபோல் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அலமாரிக்கும் எடுங்கள். ஒரு நோட்டில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, தெரிந்தால் ஆசிரியர் மறைந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். எழுதி முடித்ததும் நூல்கள் தாமாகவே நான்கு வகையாகப் பிரிந்து நிற்கும்.

முதல் வகை: உரிமைக்காலம் முடிந்தவை.
இரண்டாம் வகை: உரிமை உள்ளவை, மின்னூலாகவும் விற்பனையில் இருப்பவை.
மூன்றாம் வகை: உரிமை உள்ளவை, ஆனால் மின்னூலாகக் கிடைக்காதவை.
நான்காம் வகை: நம் வீட்டில் மட்டுமே உள்ள கையெழுத்துகளும் தஸ்தாவேஜுகளும்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனி வழி உண்டு. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

3. உரிமைக்காலம் முடிந்த நூல்கள்

பதிப்புரிமை என்றென்றைக்கும் நிற்பதன்று. ஆசிரியரின் ஆயுட்காலத்துக்குப் பின் மலேசியாவில் 50 ஆண்டும், இந்தியாவில் 60 ஆண்டும், சிங்கப்பூரில் 70 ஆண்டும் அது நீடிக்கிறது. இந்தக் கணக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆசிரியர் தம் நூலை வெளியிட்டபின் 1960-ல் மறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நூலுக்கான உரிமை மலேசியாவில் 2010 முடிவோடு தீர்ந்தது. இந்தியாவில் 2020 முடிவோடு தீர்ந்தது. சிங்கப்பூரில் 2030 முடிவு வரை இருக்கிறது. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு! இரு கரையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில நூல்கள் காலம் முடியுமுன்பே பொதுவுடைமை ஆகியிருக்கின்றன. பாரதியாரின் நூல்களுக்கான உரிமையைச் சென்னை சர்க்கார் 1949-ல் பெற்றுப் பின்னர் பொதுமக்களுக்கு அளித்தது. கல்கியின் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு 1999-ல் நாட்டுடைமை ஆக்கியது. இன்னும் பல எழுத்தாளர்களின் நூல்களும் இவ்வாறே, மரபுரிமையாளர்களுக்குப் பரிவுத்தொகை தந்து, நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன.

இந்த வகை நூல்களுக்கு நீங்கள் பணமும் கொடுக்க வேண்டாம், பக்கம் பக்கமாகப் படமும் எடுக்க வேண்டாம். வேறு சிலர் அந்த உழைப்பை முன்பே உழைத்து வைத்திருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' உலகெங்குமுள்ள தமிழ்த் தொண்டர்கள் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் தந்த நூல்களை இலவசமாக வழங்குகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னும் அதில் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய அச்சுநூல்களைப் பக்கப் படங்களாகவே தருகிறது. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இலங்கை நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வருகிறது. அங்குள்ள முஸ்லிம் எழுத்தாளர்களின் ஆக்கங்களும் அதில் அடங்கும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய நூல்களையும் நாளேடுகளையும் மின்னுருவில் வைத்திருக்கிறது.

நம் சமூகத்தாருக்கு இதில் பெருமைக்குரிய செய்தி ஒன்றுண்டு. சிங்கப்பூரில் அச்சேறி இன்றும் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1872-ல் வெளிவந்த 'முனாஜாத்துத் திரட்டு'. அதைப் பாடியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர். 1887-ல் அங்கே 'சிங்கை நேசன்' இதழை நடத்தியவரும் மகுதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிமே. இத்தகைய நூலும் இதழும் காலங்கடந்து நின்றது எவ்வாறு? எங்கோ ஒருவர் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததனால்தான் அல்லவா!

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மூல நூலுக்கு உரிமை தீர்ந்தாலும், பிற்காலத்தவர் எழுதிய உரைக்கும் முன்னுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஓவியத்துக்கும் தனி உரிமை உண்டு. சீறாப்புராணத்துச் செய்யுள்கள் எல்லாருக்கும் சொந்தம். ஆனால் இக்காலப் புலவர் ஒருவர் எழுதிய உரை அவருக்கே சொந்தம். அலமாரியில் இருப்பது மூலமா, உரையா என்று பார்த்துத் தரம் பிரியுங்கள்.

4. மின்னூலாகவும் விற்கும் நூல்கள்

அச்சுநூல் வாங்கியவருக்கு மின்னூலை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரும் வழக்கம் உலகில் இருந்ததுண்டு. அமெஸான் நிறுவனம் 2013 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு திட்டம் தொடங்கியது. 1995 முதல் தன் கடையில் புதிதாக வாங்கிய அச்சுநூல்களுக்கு, பதிப்பாளர் சம்மதித்திருந்தால், மின்னூலை 2.99 டாலருக்கோ அதற்கும் குறைவாகவோ, சிலவற்றை இலவசமாகவோ தந்தது. 2019 அக்டோபர் முடிவோடு அத்திட்டம் நின்றுபோயிற்று.

கனடாவின் வான்கூவர் நகரில் தோன்றிய வேறொரு நிறுவனம் நூதனமான முறையைக் கையாண்டது. வாசகர் தம் நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் மையினால் தம் பெயரை எழுதிக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பவேண்டும். அதுவே அவர் அப்பிரதிக்குச் சொந்தக்காரர் என்பதற்கு அத்தாட்சி. பின் பதிப்பாளரின் சம்மதப்படி மின்னூல் அவருக்குச் சலுகையில் கிடைக்கும். 'ஷெல்ஃபி' என்னும் அந்தச் சேவையும் 2017 ஜனவரியில் மூடப்பட்டது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கற்கவேண்டியது யாதெனில், அச்சுநூலோடு மின்னூல் கிடைப்பது பதிப்பாளர் மனமுவந்து தரும் கொசுறே தவிர, வாங்கியவரின் உரிமையன்று. வெற்றிலை வாங்கியவர் பாக்கைக் கொசுறாகக் கேட்கலாம். வழக்குப் போட முடியாது. ஆனால் கேட்பதில் தவறில்லை. கணினித் தொழில்நூல்களை வெளியிடும் மேனிங் போன்ற சில பதிப்பகங்கள் அச்சுநூலோடு மின்னூலையும் சேர்த்துத் தருவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. ஆகவே நூலின் கடைசிப் பக்கங்களையும் உள்ளட்டையையும் பாருங்கள். குறியீட்டு எண் ஏதேனும் அச்சிட்டிருக்கலாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்ப் பதிப்பாளருக்கு, "உங்கள் நூலின் அச்சுப்பிரதி என்னிடம் உள்ளது, மின்னூலைச் சலுகை விலையில் தர இயலுமா?" என்று பில்லின் படத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். சிறு பதிப்பாளருக்கு அத்தகைய கடிதமே ஓர் ஊக்கம்.

சலுகை கிடையாதெனில் இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, நூலகத்தில் மின்னூலை இரவல் பெறுவது. சிங்கப்பூர் நூலக உறுப்பினர்கள் 'லிப்பி' என்னும் செயலி வழியே இலவசமாக இரவல் பெறலாம். மற்றொன்று, விலை கொடுத்து வாங்குவது. ஒரு நூலைப் படம் எடுக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் வாங்குவதே இலாபம் என்பது பல சமயம் விளங்கும். 240 பக்கமுள்ள நூலுக்கு விரித்துவைத்த நிலையில் 120 படங்கள் வேண்டும். நிமிடத்துக்கு நான்கு படம் எடுத்தாலும் அரைமணி நேரம். சரிபார்க்கவும் அடுக்கவும் இன்னொரு அரைமணி. இப்படி 100 நூலுக்கு 100 மணி நேரம்! நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றாலும் பன்னிரண்டரை நாள் கடைவேலை.

வாங்கும்போது ஒரு விஷயத்தைத் தெரிந்து வாங்குங்கள். மின்னூல் கடைகளில் பெரும்பாலும் நாம் வாங்குவது நூலையல்ல, அதைப் படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் சில, உரிமையில்லாதவர் விற்றவை என்று கண்டு, வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அமெஸான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்பி வந்தது, நூல்கள் போயின. கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அமெஸான் எடுத்துவிட்டது. ஆகவே மின்னூல் வந்துவிட்டதென்று அச்சுநூலை எடைக்குப் போடாதீர்கள். தாள் உங்கள் சொந்த வீடு என்றால், மின்னூல் வாடகை வீடு.

5. உரிமை உண்டு, மின்னூல் இல்லை

நம் அலமாரியில் அதிகமாக இருப்பவை இவைதாம். உள்ளூர் எழுத்தாளர் சொந்தச் செலவில் அச்சிட்ட நூல். ஊரிலுள்ள பதிப்பகம் மூடிப்போய் மறுபதிப்புக் காணாத நூல். இவற்றுக்கு முதல் வழி, கேட்பதே. ஆசிரியர் இருந்தால் அவரிடமும், மறைந்திருந்தால் அவர் பிள்ளைகளிடமும் கேளுங்கள். நம் சமூகத்தில் இன்னார் இன்னாரின் மகன் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சிங்கப்பூரே சாட்சி. நாடு பொன்விழாக் கொண்டாடிய 2015-ல், தமிழ்த் தொண்டர்கள் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கித் தந்தார்கள். எழுத்தாளர்களையும் குடும்பத்தாரையும் அணுகிச் சம்மதம் பெற்றே அப்பணி நடந்தது. இன்று அந்நூல்களை உலகில் எங்கிருந்தும் படிக்கலாம்.

கேளாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1996-ல் தொடங்கிய அமெரிக்காவின் 'இண்டர்நெட் ஆர்க்கைவ்', தன்னிடமுள்ள ஓர் அச்சுப்பிரதிக்கு ஈடாக ஒரு மின்பிரதியை மட்டும் ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல் தந்துவந்தது. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் அந்த வரம்பையும் தளர்த்தியது. அவ்வாண்டே நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2023 மார்ச்சிலும், மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரிலும் தீர்ப்பு நூலகத்துக்கு எதிராகவே வந்தது. நல்ல நோக்கத்தோடு நடக்கும் ஒரு நூலகத்துக்கே இந்நிலை.

அப்படியானால் என் சொந்த நூலை நானே படம் எடுத்து நானே படிக்கலாகாதா? இந்தியச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் 'நியாயமான கையாளுகை'யை அனுமதிக்கிறது. மலேசியச் சட்டமும் தனிப்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அவ்வாறே இடம் தருகிறது. சிங்கப்பூர்ச் சட்டம் 'நியாயமான உபயோகம்' என்று பொதுவாகச் சொல்கிறது. எது நியாயம் என்பதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏறத்தாழ நான்கு அளவுகோல்களால் நிதானிக்கிறார்கள்: எதற்காகப் பிரதி எடுத்தாய்? அது எத்தகைய நூல்? எவ்வளவு எடுத்தாய்? அதனால் நூலின் விற்பனைக்கு நஷ்டம் உண்டா? ஓர் அத்தியாயத்தைப் படிப்புக்காக எடுப்பதற்கும், முழு நூலையும் எடுப்பதற்கும் இந்தத் தராசில் எடை வேறு. முழு நூல் தேவையானால் ஆசிரியரிடம் கேட்டுவிடுவதே உத்தமம். மின்பிரதி கையிலிருக்க, அச்சுநூலை மட்டும் விற்றுக் காசாக்குவதும் கூடாது; ஒரு சரக்கை இருமுறை விற்பதற்கு அது சமம்.

பார்வை இழந்தவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. 2013-ல் மராக்கேஷ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, அச்செழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை அவர்கள் கேட்டோ தடவியோ பெரிதாக்கியோ படிக்கும் வடிவில் பிரதி செய்ய வழி வகுத்தது. இந்தியா 2014-லும், சிங்கப்பூர் 2015-லும், மலேசியா 2022-லும் அதில் இணைந்தன. வீட்டில் கண் தெரியாத பெரியவர் இருந்தால், பார்வையற்றோர் சங்கத்தை அணுகி இதைப்பற்றி விசாரியுங்கள்.

6. வாட்ஸ்அப்பில் ஒரு விரல் அழுத்தம்

சகோதரர்களே! இவ்வளவு நேரம் கூறியதிலும் இங்கே கூறப்போவது முக்கியமானது. பிரதி எடுப்பதைவிட அதைப் பரப்புவதே பெருங்கேடு.

நம் ஊர் எழுத்தாளர் ஒருவர் 500 பிரதிகள் அச்சிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு அச்சுக்கூலி 10 வெள்ளி. ஆக முதல் 5,000 வெள்ளி. ஒரு பிரதி 20 வெள்ளிக்கு விற்கிறார். 250 பிரதிகள் விற்றால்தான் போட்ட முதலே திரும்பும். இவ்வளவுக்கும் அவர் எழுதிய நாட்களுக்குக் கூலி போடவில்லை. நாம் ஒரு பிரதி வாங்கிப் படம் எடுத்து, "நல்ல நூல், எல்லாரும் படிக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில் 200 பேர் உள்ள குழுவில் போட்டுவிடுகிறோம். அவர்களில் ஐம்பது பேராவது அந்நூலை வாங்கியிருக்கக்கூடியவர்கள் எனில், 1,000 வெள்ளி அவர் கல்லாவிலிருந்து போயிற்று. நமக்கு ஒரு காசும் இலாபமில்லை. அவருக்கோ அடுத்த நூல் எழுதும் தெம்பே போயிற்று.

கிட்டங்கிச் சாவியை நம்பி ஒருவரிடம் கொடுக்கிறோம். அவர் தமக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் பின்கதவைத் திறந்துவைத்து, போவோர் வருவோரெல்லாம் எடுத்துப் போகச் சொன்னார் என்றால் அவரை நாம் நல்லவர் என்போமா? கையிலுள்ள நூல் நமக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்து நம்மிடம் அமானிதம். அதில் எழுதியவரின் ஹக்கு இருக்கிறது. நல்ல நூலைப் பரப்ப வேண்டுமென்றால் பத்துப் பிரதி வாங்கிப் பத்துப் பேருக்கு ஹதியாவாகக் கொடுங்கள். அதுதான் வியாபாரியின் பரோபகாரம்.

7. நம்மிடம் மட்டுமே உள்ளவை

இப்போது நான்காம் வகைக்கு வருவோம். பாட்டனார் கைப்பட எழுதிய பேரேடு, கப்பல் பயணச் சீட்டு, ஊருக்கும் பினாங்குக்கும் இடையே போய்வந்த கடிதங்கள், கையெழுத்து முனாஜாத்துகள், நூறாண்டு கண்ட அரபுத்தமிழ்க் கிதாபுகள் ஆகியன இவ்வகை. மேற்சொன்ன மூன்று வகை நூல்களுக்கும் உலகில் எங்கேனும் வேறொரு பிரதி இருக்கக்கூடும். கையால் எழுதியவற்றுக்கோ வேறு பிரதியே இல்லை. ஒரு மழைவெள்ளம், ஒரு மின்கசிவு, ஒரு கறையான் புற்று போதும், என்றென்றைக்குமாக அழிந்துவிடும். ஆனால் நடைமுறையில் நாம் செய்வதென்ன? கடையில் கிடைக்கும் நாவலைப் படம் எடுக்க மெனக்கெடுகிறோம். பேரேட்டை எலிக்கு விடுகிறோம்! நம் உழைப்பு முதலில் செல்லவேண்டிய இடம் இதுவே.

செய்யும் முறை வருமாறு:

இடம்: சன்னலோரப் பகல்வெளிச்சம் போதும். நேர்வெயில் கூடாது. கைப்பேசியின் பளிச்சிடும் விளக்கை அணைத்துவிடுங்கள். தாள் மின்னி எழுத்து மறையும். கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தினால் படம் அசையாது.

நூலைக் கையாளுதல்: கை கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய நூலை முழுதும் விரித்து அழுத்தாதீர்கள். இருபுறமும் துணிச்சுருள் வைத்துப் பாதியளவு திறந்தாலே போதும். தையலைப் பிரித்துத் தாள்களைத் தனியாக்கி எந்திரத்தில் ஓட்டுவது விரைவானதுதான்; ஆனால் அரிய நூலுக்கு அது கொலை.

தரம்: ஸ்கேன் எந்திரமானால் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், பொடியெழுத்துக்கு 400 வையுங்கள். கையெழுத்தை வண்ணத்திலேயே எடுங்கள். சிவப்பு மையில் திருத்திய கணக்கு கறுப்பு வெள்ளையில் தெரியாது.

பெயரிடுதல்: கோப்புக்கு ஆண்டு, பெயர், பக்க எண் வரிசையில் பெயர் வையுங்கள். எழுதியவர் யார், எந்த ஊர், எவர் வீட்டில் உள்ளது என்பதை ஒரு தனித்தாளில் எழுதி அதையும் சேர்த்துப் படமெடுங்கள். பெயரில்லாத படம் சீட்டில்லாத மூட்டை.

எழுத்துணரி: படத்திலுள்ள எழுத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் கருவிகள் தமிழுக்கும் உண்டு, 'டெசரக்ட்' இலவசமாகக் கிடைக்கிறது. தெளிவான அச்சுக்கு அது நன்கு உதவும். 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சான பழைய லை, ணை, றா, னா வடிவங்களில் அது தடுமாறக்கூடும். ஒருவர் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அரபுத்தமிழ்க் கிதாபைத் தமிழ் எழுத்துணரி படிக்காது. அதைப் படமாகவே பாதுகாத்து, எழுத்துத் தெரிந்த பெரியவர் ஒருவர் படிக்கக் குரலையும் பதிந்து வையுங்கள். அந்த எழுத்தைப் படிப்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

காப்பு: மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றை இரண்டு வகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றையாவது வேறு ஊரில் வையுங்கள். எல்லாச் சரக்கையும் ஒரே தோணியில் ஏற்றுவதில்லையல்லவா? ஆண்டுக்கொருமுறை கணக்கு முடிக்கும் நாளில் அவற்றைத் திறந்து பாருங்கள்.

கடிதமானால் இன்னொன்றும் நினைவில் வையுங்கள். தாள் நம்முடையதாயினும் எழுத்து எழுதியவருடையது. பாதுகாப்பதற்குத் தயங்க வேண்டாம். ஊரறிய வெளியிடுமுன் அவர் குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பாடத்தின் சுருக்கம்

முதலில் அலமாரிக்கு இருப்புக்கணக்கு எடுங்கள். இலவசமாகக் கிடைப்பதை இலவசமாகப் பெறுங்கள். கொடுக்க வேண்டியதற்கு மனமாரக் கொடுங்கள். கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். நம்மிடம் மட்டுமே இருப்பதற்கு நாமே உழைப்போம்.

படித்தபின் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளச் சில வினாக்கள்:

(1) புத்தகம் வாங்கியபோது எனக்குச் சொந்தமானது எது, சொந்தமாகாதது எது?
(2) என் அலமாரியில் உரிமைக்காலம் முடிந்த நூல்கள் எத்தனை? அவற்றில் எவை முன்பே மின்னுருவில் உள்ளன?
(3) நான் இதுவரை பிறருக்கு அனுப்பிய நூற்கோப்புகளில் எழுதியவரின் சம்மதம் பெற்றவை எத்தனை?
(4) என் வீட்டில் மட்டுமே உள்ள ஓர் எழுத்து எது? அதை இந்த மாதத்தில் யார் படம் எடுப்பது?

நான்காம் வினாவுக்கு விடையை நோட்டில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். இன்றிரவு கடை அடைத்ததும் அந்த அலமாரியைத் திறந்து, எந்தத் தாள் மிகவும் நைந்திருக்கிறதென்று பாருங்கள். வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.